உழவு முடிந்த கலப்பைக்கு ஒரு பட்டறை: சேரன்மகாதேவி வட்டாரத்திலிருந்து ஒரு மதிப்புரை

சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு செல்லும் சாலையில், ஊரைத் தாண்டியதும் தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் வரிசையாக நிற்கும் கலப்பைகளைச் சொல்லித்தான் எல்லாரும் வழி காட்டுவார்கள். டிராக்டர் பழுது பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்தப் பட்டறையோ டிராக்டரைத் தொடுவதே இல்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கலப்பையை உழவு முடிந்த கையோடு வாங்கி, கழுவி, தேய்மானம் பார்த்து, மாற்ற வேண்டிய பாகங்களை மாற்றி, துருப்பிடிக்காதபடி பூச்சுப் பூசி, அடுத்த உழவு வரைக்கும் தம் கொட்டகையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுபோக விரும்புகிறவர்களுக்குக் கலப்பையை நிறுத்தி வைப்பதற்கான இரும்புத் தாங்கியும் செய்து தருகிறார்கள். கொழு என்பது மண்ணை வெட்டும் முனைத் தகடு, இறக்கை என்பது வெட்டிய மண்ணைப் புரட்டிப் போடும் வளைந்த தகடு. இரண்டு கொழு கொண்ட, இருபுறமும் திருப்பி உழக்கூடிய என் ரிவர்சிபிள் இறக்கைக் கலப்பையைச் சில ஆண்டுகளாக இவர்களிடம்தான் விட்டு வருகிறேன். இந்த வேலையை இவ்வளவு அக்கறையோடு செய்யும் வேறோர் இடத்தை நான் பார்த்ததில்லை என்பதால், நிறைகுறை இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

கலப்பையைப் பராமரிப்பதற்கென்று ஒரு பட்டறை தேவையா என்று கேட்பவர்கள், நம் நாட்டில் அது ஆண்டுக்கு எத்தனை நாள் மண்ணில் இறங்குகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இரு பருவம் நெல் வைக்கிற நஞ்சையில் சேற்றுழவுக்குக் கூண்டுச் சக்கரமும், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரும் போதும். இறக்கைக் கலப்பைக்கு அங்கே வேலை குறைவு. மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழை விழுந்ததும் மண்ணைப் புரட்டிப் போடுவதற்கும், சில இடங்களில் புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஒருமுறை உழுவதற்கும்தான் அது வெளியே வருகிறது. மக்காச்சோளம் போடுகிறவர்கள் படைப்புழுவின் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கோடை உழவை முன்பைவிட ஆழமாகவே போடுகிறார்கள். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம்மவர்கள் சொல்லிப் பழகியதுதான். ஆனால் அந்தப் புழுதியைக் கிளப்பும் இரும்பு மீதமுள்ள மாதங்களில் வேப்பமரத்தடியிலோ களத்து மேட்டிலோ வெறும் மண்ணில் கிடக்கிறது. ஆனி, ஆடியில் அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் சாரல் நனைக்கிறது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கடலோரக் காற்று உப்பைக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எல்லாவற்றையும் நனைக்கிறது. உழும்போது தேய்வதைவிட, கிடக்கும்போது கெடுவதே நம் ஊர்க் கலப்பைகளில் அதிகம் என்பது என் திடமான எண்ணம்.

துருப்பிடித்தால் என்ன, மண்ணில் இழுத்தால் தானாகப் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. செம்மண்ணிலும் மணல் கலந்த நிலத்திலும் ஓரளவு அது நடக்கும். கரிசலில் நடக்காது. இறக்கையின் முகம் நன்றாகத் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால்தான் ஈரக் கரிசல் அதன்மேல் வழுக்கி ஏறிப் புரண்டு விழும். துரு அரித்துச் சிறு குழிகள் விழுந்த இறக்கையில் மண் அப்பிக்கொள்ளும். அப்பிய மண்ணின்மேல் மண் உரசும்போது இழுவை கூடும், சக்கரம் வழுக்கும், டீசல் வீணாகும், உழவும் புரளாமல் கட்டிகட்டியாகக் கிடக்கும். பிறகு ஓட்டுநர் அடிக்கடி இறங்கிக் கம்பியால் சுரண்ட வேண்டி வரும். தூக்கிய கலப்பைக்கு அடியில் கையை விடுவதும் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்தப் பட்டறையின் ஒழுங்கு பாராட்டத்தக்கது என்பதால், கலப்பையை அவர்கள் வாங்கிக்கொள்ளும் முறையிலிருந்தே தொடங்குகிறேன். கொட்டகைக்கு முன்னால் சாய்வில்லாத சிமெண்ட் தளம் ஒன்று போட்டு, அதில் தடித்த பனங்கட்டைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். டிராக்டரைப் பின்னால் எடுத்துவந்து, கலப்பை கட்டைகளின்மேல் முழுவதுமாக அமரும்வரை இறக்கச் சொல்கிறார்கள். அமர்ந்ததும் கை பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகுதான் வேலையாட்கள் கிட்டே வருகிறார்கள். இஞ்சின் நின்ற பின் ஹைட்ராலிக்கின், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையை இயக்கும் அமைப்பின், கட்டுப்பாட்டுக் கம்பிகளை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை தள்ளச் சொல்வது அவர்களுடைய கட்டாய வழக்கம். குழாய்க்குள் நிற்கும் அழுத்தம் அப்போதுதான் வெளியேறும். அழுத்தம் நிற்கும்போது குழாயைக் கழற்ற முயன்றால் ஒன்று இணைப்பு பிடிகொடுக்காது, அல்லது எண்ணெய் முகத்தில் அடிக்கும்.

நான் முதன்முறை போனபோது, கலப்பையைத் தூக்கிய நிலையிலேயே கொழுவைப் பார்க்கலாமா என்று என்னோடு வந்த ஓட்டுநர் கேட்டார். பட்டறையின் மூத்தவர், வயதில் இளையவரான அவரையும் அண்ணாச்சி என்றே அழைத்து, “அண்ணாச்சி, லிப்டுங்கது தூக்குததுக்குத்தான், தாங்குததுக்கு இல்ல பாத்துக்கிடுங்க. அடியில போகப்பிடாது” என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதற்குக் காரணம் எளியது. கலப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் மட்டுமே. ஒரு சீல் கிழிந்தாலும், ஒரு குழாய் வெடித்தாலும், யாராவது தெரியாமல் கம்பியைத் தொட்டாலும் அது கீழே வந்துவிடும். இரண்டு கொழு ரிவர்சிபிள் கலப்பையின் எடை நானூறு கிலோவை ஒட்டி வரும். அதன் முனைகள் மண்ணைக் கிழிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கொழுவைக் கழற்ற வேண்டுமானால் இவர்கள் கலப்பையின் சட்டத்தைச் செயின் பிளாக்கில் மாட்டி, இருபுறமும் முட்டுக் கொடுக்கும் இரும்புக் குதிரைகளை வைத்து, எடை குதிரைகளின்மேல் உட்கார்ந்ததை அசைத்துப் பார்த்த பின்னரே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். செங்கல்லும் உடைந்த ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்கும் பழக்கம் அங்கே அறவே இல்லை.

கலப்பையை டிராக்டரோடு பிடித்திருக்கும் மும்முனை இணைப்பைக் கழற்றும் வரிசையிலும் அவர்கள் விடாப்பிடியாக இருக்கிறார்கள். முதலில் டாப் லிங்க் எனும் மேல் கை, அடுத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள வலது கீழ்க்கை, கடைசியாக இடது கீழ்க்கை. மாட்டும்போது இதற்கு நேர்மாறாக இடது, வலது, டாப் லிங்க். இந்த வரிசை மாறினால், இணைப்பைக் கோத்திருக்கும் பின் (இரும்பு முளை) இறுகிக்கொண்டு வராது. வராத பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது கலப்பை துள்ளிக் காலில் விழ வாய்ப்புண்டு. கழற்றிய பின்களை அளந்து பார்ப்பதும் நடக்கிறது. நம்முடைய நடுத்தரச் சக்தி டிராக்டர்களில் பெரும்பாலும் இருக்கும் இரண்டாம் வகை இணைப்பில் கீழ்ப் பின் 28 மில்லிமீட்டர், மேல் பின் 25 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். சிறிய டிராக்டர்களின் முதல் வகையில் அவை முறையே 22, 19 மில்லிமீட்டர். சிறிய பின்னைப் பெரிய துளையில் போட்டு, இடைவெளிக்கு வளையம் வெட்டிச் சொருகி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கலப்பையை என் கண்முன்னேயே திருப்பிக் கொடுத்து, சரியான பின்னோடு வரச் சொன்னார்கள். அன்று வரும்படி போனாலும் பரவாயில்லை என்ற அந்த நிலைப்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

கழுவுவதில் சொல்ல அதிகம் இல்லை. காய்ந்த கரிசலை முதலில் மரக்கட்டையால் தட்டி, தகட்டால் சுரண்டி எடுத்த பிறகே தண்ணீர் அடிக்கிறார்கள். வட்டத் தட்டுகள் சுழன்று உழும் சட்டிக் கலப்பையாக இருந்தால், சட்டி சுழலும் பேரிங் இருக்கும் இடத்தை நோக்கி வேகத் தண்ணீரைப் பிடிப்பதில்லை. சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. கழுவி முடித்து வெயிலில் உலர்ந்ததும் நிப்பிள்கள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதிய கிரீஸை ஏற்றுகிறார்கள். ரிவர்சிபிள் கலப்பையில் சட்டத்தைத் திருப்பும் தண்டின் புஷ்களுக்குத்தான் இது மிக முக்கியம். அந்த இடம் வறண்டுபோனால் திரும்பும்போது கலப்பை பாதியில் நின்று, பிறகு ஒரேயடியாகப் புரண்டு அடிக்கும்.

தேய்மானம் பார்க்கும் வேலைதான் இந்தப் பட்டறையின் உயிர். புதிய கொழு தரையில் தட்டையாகப் படுவதில்லை. அதன் முனை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். கொழு முனையிலிருந்து, சால் சுவரை ஒட்டி உரசும் பக்கத் தகட்டின் குதிகால் (பின்முனை) வரை நேரான இரும்புப் பட்டையை அடியில் பிடித்தால், நடுவில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளிதான் கலப்பையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. பக்கவாட்டிலும் அப்படியே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது குறைந்தால் சால் அகலம் ஒரே சீராக வராது. மூத்தவர் இதற்கென்று விலையுயர்ந்த கருவி எதையும் வைத்திருக்கவில்லை. 3 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்று, 5 மில்லிமீட்டர் பிட் ஒன்று, இரண்டும் சட்டைப்பையில் இருக்கின்றன. பட்டையை வைத்து, சிறிய பிட்டை இடைவெளியில் நுழைத்துப் பார்க்கிறார். அது நுழையாவிட்டால் கொழு முடிந்தது என்று வைத்துவிடுகிறார். உடையவரையும் குனிந்து பார்க்கச் சொல்லி, அவர் கையாலேயே பிட்டை நுழைக்கவும் சொல்கிறார். பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்பவர் அதற்கான சான்றையும் நம் கையில் கொடுத்துவிடுவதால், அங்கே பேரத்துக்கும் சந்தேகத்துக்கும் இடமிருப்பதில்லை.

இடைவெளி போன கொழுவோடு உழுகிறவர்கள், கலப்பை இறங்கவில்லை என்பதற்காகச் சட்டத்தின்மேல் கல்லைக் கட்டுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சில இடங்களில் ஆளையே உட்கார வைக்கிறார்கள். அதைவிடக் கொடிய பழக்கம் வேறில்லை. பாறையிலோ பனை வேரிலோ கொழு மாட்டினால் அந்த ஆள் எங்கே போய் விழுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொழு மாற்ற ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கிற நாம் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேய்ந்த கொழுவின்மேல் கடின வெல்டிங் ராடால் ஓடவிட்டு இன்னொரு பருவம் ஓட்டுவது பலருக்கும் வழக்கம். இந்தப் பட்டறையில் அதைச் செய்கிறார்கள், ஆனால் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் மெல்லிய வரிகளாகப் போட்டு, இடையிடையே ஆறவிடுகிறார்கள். உடல் தகடே மெலிந்துபோயிருந்தால் மறுத்துவிடுகிறார்கள். சூடேற்றிப் பதப்படுத்திய எஃகில் அளவுக்கு மீறி வெல்டிங் சூடு ஏறினால் பதம் இறங்கிவிடும், அல்லது வெடிப்பு விழும். அப்படிப்பட்ட கொழு நிலத்தில் பாதியில் முறியும். முனையில் சதுரக் கம்பி பொருத்திய கலப்பைகளில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் கம்பி தேயத் தேய முன்னால் தள்ளிக்கொள்ளலாம், ஒரு முனை முடிந்தால் திருப்பியும் போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கலப்பை வாங்குகிறவர்கள், குறிப்பாகச் சரளை நிலம் வைத்திருப்பவர்கள், இந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

போல்ட் விஷயத்தில் இவர்கள் காட்டும் கண்டிப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தலையில் 8.8 என்ற தரக்குறி பொறித்த போல்டும் எழுத்தே இல்லாத போல்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வலுவோ வேறு. சட்டத்தையும் உடலையும் பிணைக்கிற இடங்களில் பொறிப்பில்லாத போல்டை இவர்கள் போடுவதில்லை. அதே சமயம், தடை வந்தால் தானாக முறிந்து கலப்பையைக் காப்பாற்றுவதற்கென்றே வைக்கப்பட்ட முறி போல்ட்டில் தயாரிப்பாளர் சொன்ன அளவையும் தரத்தையும் தாண்டுவதும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓர் உழவருக்கு வேறொரு கடையில், அடிக்கடி முறிகிறதே என்று அவர் வருந்தியதற்கு இணங்கி, முறி போல்ட்டுக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியானதைப் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் புதைந்திருந்த பாறையில் மாட்டியதும் போல்ட் முறியாமல் நின்றது, கலப்பையின் தண்டு வளைந்தது.

இனி பூச்சு. நம் ஊரில் கலப்பைக்குத் துருத் தடுப்பு என்றால் டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய இஞ்சின் ஆயிலைத் துணியால் தடவிவிடுவதுதான். பணம் செலவில்லை என்பது அதற்குச் சொல்லும் நியாயம். இந்தப் பட்டறை அதைச் செய்வதில்லை, கேட்டாலும் மறுக்கிறது. எரிந்த எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் தோலுக்குக் கேடு செய்யும் பொருள்களும் கலந்திருக்கின்றன. நீண்ட காலம் கையில் பட்டுக்கொண்டே இருப்பது நல்லதல்ல. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவுகளின் பட்டியலில்தான் இருக்கிறது. அதைக் கலப்பையில் தடவி, முதல் மழையில் நிலத்தில் கழுவவிட்டு, அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் உளுந்து விதைக்கிறோம். மேலும், அது நம் வெயிலில் இளகி வடிந்துவிடுகிறது. கார்த்திகை மழை வரும்போது தகட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இவர்கள் இறக்கை, கொழு, பக்கத் தகடு ஆகிய மண் படும் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, புதிய கிரீஸைத் தடிமனாகப் பூசி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுகிறார்கள். தாள் கிரீஸில் ஒட்டி நிற்பதால் தூசி படியாது, கிரீஸும் வழிந்து போகாது. பெயிண்ட் அடிப்பது சட்டத்துக்கும் மண் படாத பாகங்களுக்கும் மட்டும். இறக்கையின் முகத்துக்கும் சேர்த்துப் பளபளவென்று நீலமோ சிவப்போ அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பெயிண்ட் உரிந்து போகும்வரை மண் புரளாது.

ஹைட்ராலிக் குழாய்களைப் பற்றிச் சிறிது கூடுதலாகவே சொல்ல வேண்டும். கழற்றிப் போட்ட குழாயின் வாயை மூடாமல் விட்டால், நம் பக்கத்தில் சில நாளிலேயே குளவி வந்து அதற்குள் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த பருவத்தில் அப்படியே மாட்டினால், அந்த மண் முழுதும் எண்ணெயோடு சேர்ந்து வால்வுக்குள் போகும். வால்வில் கீறல் விழுந்தால் கலப்பை தூக்கிய இடத்தில் நிற்காது. பட்டறையில் ஒவ்வோர் இணைப்பின் முனையையும் துடைத்து மூடி போட்டு, குழாய்களைச் சட்டத்தின் மேல்பகுதியில் வளைவாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். திருப்பும் சிலிண்டரின் தண்டு முழுதும் உள்ளே போகும் நிலையில் வைத்துத்தான் கலப்பையை நிறுத்துகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் துருப்புள்ளி விழுந்தால் அது சீலைக் கிழிக்கும் என்பதே காரணம். நீட்டி வைக்காமல் முடியாது என்ற வகைக் கலப்பையில் தண்டின் மேல் கிரீஸ் பூசிச் சுற்றிவிடுகிறார்கள்.

கசிவு பார்க்கும்போது விரலால் தடவக்கூடாது என்பதை அவர்கள் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குழாயை ஒட்டி ஓர் அட்டையைப் பிடித்து நகர்த்தினால் ஈரம் படும் இடத்தில் கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணெய் உள்ளே ஏறிய காயம் வெளியே முள் குத்தியதுபோல் சிறியதாகத்தான் இருக்கும். வலி குறைவு என்று வீட்டிலிருந்தால் விரலையே இழக்க நேரிடும். உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனை போன்ற அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் ஏறியது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இவர்கள் செய்து தரும் தாங்கியில் எனக்கு ஒரு பாராட்டும் ஒரு மறுப்பும் இருக்கின்றன. நான்கு அங்குலச் சேனல் இரும்பில் அடித்த சட்டம், கொழு முனைகள் பதியும் இடத்தில் தடித்த மரக்கட்டை, டாப் லிங்க் கோபுரம் சாயாமலிருக்கப் பின்னால் ஒரு தாங்குகால், அதற்கொரு பூட்டுப் பின். கலப்பை டிராக்டரில்லாமலே நேராக நிற்கும். பையன்கள் ஏறி ஆடினாலும் புரளாத அகலம் வைத்திருக்கிறார்கள். கொழு முனைகளை மூடுவதற்குப் பழைய டயரை வெட்டி உறையாக்கித் தருவது மிக நல்ல ஏற்பாடு, ஏனெனில் இருட்டில் மாட்டைப் பிடிக்கப் போகிறவரின் முழங்காலுக்கு நேராகத்தான் அந்த முனை நிற்கும். என் மறுப்பு சக்கரம் வைத்த தாங்கியைப் பற்றியது. கொட்டகைக்குள் தள்ளி நகர்த்த வசதியாக இருக்கும் என்று பலர் கேட்டு வாங்குகிறார்கள். சிமெண்ட் தளத்தில் அது சரி. மண் தரையில் ஒரு சக்கரம் புதைந்தால் இத்தனை எடையும் ஒரு பக்கமாகச் சாயும். தாங்குகிறேன் என்று கையைக் கொடுப்பவருக்குக் கை மிஞ்சாது. சக்கரமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. மண் தரைக்குச் சக்கரம் வேண்டாம் என்று பட்டறையே எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்டால் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் வைப்பவர்கள் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்துச் சுற்றிக் கட்டுவது இன்னொரு பிழையான பழக்கம். உள்ளே ஈரம் அடைபட்டு, வெளியே கிடப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட வேண்டும். ஆனி, ஆடிக் காற்று நம் ஊரில் எப்படி வீசும் என்பது தெரிந்ததுதான். தார்ப்பாயின் நுனிகளைச் சட்டத்திலேயே கட்டாமல் கல் வைத்தால் கல் நிற்கும், தார்ப்பாய் நிற்காது. ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, தாழ்ந்த களத்தில் கருவிகளை வைப்பதா என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய கலப்பையை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தால், பேரிங்குகளைத் திறந்து வண்டலைக் கழுவாமல் கிரீஸ் மட்டும் ஏற்றித் தர அவர்கள் சம்மதிப்பதில்லை. அது சரியான முடிவு.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, எழுதி வைக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை. எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் மூத்தவரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் நினைவு அபாரமானது என்றாலும், அவர் ஊரில் இல்லாத நாளில் போனால் இளையவர்களுக்கு விவரம் தெரிவதில்லை. ஒவ்வொரு கலப்பைக்கும் ஒரு நோட்டு வைத்தால் வாடிக்கையாளருக்கும் நல்லது, பட்டறைக்கும் நல்லது. இரண்டாவது, கொட்டகையின் இடம் போதவில்லை. வைகாசி முடிவில் வரும் கலப்பைகளை நெருக்கி வைப்பதால், உள்ளே இருப்பதை எடுக்க முன்னால் இருப்பவற்றையெல்லாம் நகர்த்த வேண்டியிருக்கிறது. புரட்டாசியில் அவசரத்துக்குப் போனால் அரை நாள் அதிலேயே போகிறது. பாதுகாப்பில் இத்தனை கவனம் உள்ளவர்கள், கலப்பைகளுக்கு நடுவில் ஆள் நடக்க இடம் விடாதது எனக்குப் புரியவில்லை. மூன்றாவது, எல்லாத் தயாரிப்புகளுக்கும் உரிய கொழு இருப்பில் இருப்பதில்லை. இல்லாததைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ரோட்டவேட்டரையும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் அதன் கியர்ப் பெட்டி வேலையில் இறக்கைக் கலப்பையில் காட்டும் கைத்திறன் தெரியவில்லை. அதற்கு வேறிடம் பார்ப்பதே மேல்.

கூலியும் பொருளும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். கழுவி, அளந்து, கிரீஸ் ஏற்றி, பூச்சுப் பூசி, ஒரு பருவம் கொட்டகையில் வைத்திருப்பதற்கான மொத்தத் தொகை, என் கலப்பைக்கு, புதிய கொழு ஒரு ஜோடியின் விலையைத் தாண்டியதில்லை. பழைய ஆயிலைத் தடவி மரத்தடியில் போடுவதோடு ஒப்பிட்டால் இது செலவுதான். ஆனால் கோடை மழை விழுந்த மறுநாள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் துருவைச் சுரண்டிக்கொண்டும் இறுகிய பின்னை அடித்துக்கொண்டும் இருக்கும்போது, பிளாஸ்டிக் தாளை உரித்து, கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு நேரே நிலத்துக்குப் போக முடிகிறது. கரிசலில் உழவுக்கேற்ற ஈரம் சில நாளே நிற்கும். அந்த நாள்களின் மதிப்பைப் பார்க்கும்போது இந்தக் கூலி எனக்குக் கூடுதலாகப் படவில்லை.

திரும்ப எடுக்கும்போது வாடிக்கையாளர் பார்க்க வேண்டியவை சில உண்டு. இணைப்புப் பின்கள் கழன்று விடாமல் தடுக்கும் லிஞ்ச் பின்கள் எல்லாம் இருக்கின்றனவா, ரிவர்சிபிள் கலப்பையின் பூட்டுப் பின் போக்குவரத்து நிலையில் விழுந்திருக்கிறதா, குழாய் மூடிகளைக் கழற்றியதும் இணைப்பு முனைகளைத் துடைத்தார்களா என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் ஆளை விலக்கி நிறுத்தி, கலப்பையை ஒருமுறை தூக்கி, இருபுறமும் திருப்பி, இறக்கிப் பாருங்கள். சாலையில் ஏறுமுன் கீழ்க்கைகளின் பக்கச் சங்கிலிகளை இறுக்கிவிடுங்கள். களக்காட்டுச் சாலையில் வாழைத்தார் லாரிகளுக்கு நடுவில் கலப்பை இடவலமாக ஆடக்கூடாது.

கோடை உழவு முடிந்து கொடுப்பவர்கள் ஆனி பிறந்த பிறகு போனால் அவசரமில்லாமல் அளந்து பார்ப்பார்கள். புரட்டாசிக்கு எடுப்பவர்கள் ஆவணி பாதியிலேயே சொல்லிவைத்தால், அவர்கள் கலப்பையை முன் வரிசைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். காலையில் போவது நல்லது. பிற்பகலில் சிமெண்ட் தளம் நிறைந்துவிட்டால் மண் தரையில் இறக்க விடமாட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும்.